பிரெஞ்சு படித்தால் சோறு போடுமா?

இந்த வாரம் வாசகர்களுக்குப் பதில் சொல்பவர், புதுச்சேரியில் பிரெஞ்சு இலக்கியம் முதுகலை படித்து, முந்திரி இறக்குமதியாளர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகத் தொழில் செய்பவர்.

கேள்வி: என் மகள் பி.ஏ. பிரெஞ்சில்தான் சேருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். "பிரான்ஸுக்கா போகப்போகிறாள்?" என்று என் அண்ணன் கேலி செய்கிறார். என்ன செய்யட்டும்?
- ஒரு தாய், விழுப்புரம்

பதில்: பிரான்ஸை விடுங்கள் சகோதரி, பண்ருட்டிக்குப் போகலாம். அங்கே உடைபடும் முந்திரிக்கொட்டையில் ஒரு பங்கு ஐவரி கோஸ்ட்டிலிருந்து கப்பலேறி வந்தது. உலகத்திலேயே அதிகமாக முந்திரிக்கொட்டை விளைகிற நாடு அது, ஆட்சிமொழி பிரெஞ்சு. பிப்ரவரி முதல் ஜூன் வரை அங்கே சீசன். அந்த மாதங்களில் என் போன் ஓயாது.

அந்நாட்டுத் துறைமுக நகரமான அபிஜானிலிருந்து வரும் எடைச் சீட்டில் "24,500 டன்" என்று இருக்கும். புதிதாகச் சேர்ந்த கணக்குப்பிள்ளை இருபத்து நாலாயிரத்து ஐந்நூறு என்று படித்துவிட்டு அலறுவார். பிரெஞ்சில் கமாதான் தசமப்புள்ளி. அது வெறும் இருபத்து நாலரை டன். தரச் சான்றிதழிலும் இதே கூத்து. 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு நல்ல பருப்பு தேறும் என்பதை வைத்துத்தான் விலை பேசுவார்கள். "47,5" என்ற இடத்தில் கமாவுக்குப் பின்னால் உள்ள அந்த ஐந்தை விட்டுவிட்டால் மூட்டைக்கு அரைப் பவுண்டு பருப்பு கணக்கிலிருந்து காணாமல் போகும்.

எனக்குப் பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுத்தது பதினேழாம் நூற்றாண்டு நாடகங்கள். முந்திரியைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஆனால் நீளமான கட்டுரையைக் கொடுத்து, மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கு, உன் கருத்தை நுழைக்காதே என்று பிழிந்தெடுத்தார்கள். எரிச்சலாக இருக்கும். இன்று சரக்கில் ஈரம் அதிகம் என்று தகராறு வந்தால், எதிர்த்தரப்பு வியாபாரி மூன்று பக்கத்துக்கு மரியாதை ததும்ப ஒரு கடிதம் எழுதுவார். அவர் எதை ஒப்புக்கொள்கிறார், எங்கே நழுவுகிறார் என்று முதலாளிக்கு நாலு வரியில் சொல்வதற்குத்தான் எனக்குப் பணம்.

மகளைச் சேர்த்துவிடுங்கள். கூடவே கணக்கு, மருந்து, காப்புரிமை, ஏற்றுமதி என்று ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். வெறும் பட்டத்தை நம்பினால் உங்கள் அண்ணன் ஜெயித்துவிடுவார்.

கேள்வி: பிளஸ் டூவில் பிரெஞ்சில் 98 மதிப்பெண். ஆனால் பேச வராது. வேலைக்கு இது போதுமா?
- ஒரு மாணவர், சென்னை

பதில்: போதாது. மதிப்பெண்ணுக்காகப் படித்தீர்கள், மதிப்பெண் வந்தது, கணக்கு நேராகிவிட்டது. டெல்ஃப் என்கிற பிரெஞ்சு மொழித் தேர்வில், அதன் உச்ச நிலையான பி2 வரை எழுதுங்கள். பிரெஞ்சுக் கல்வி அமைச்சகத்தின் சான்றிதழ், ஆயுளுக்கும் செல்லும். பேச்சுத் தேர்வும் உண்டு, தப்பிக்க வழியில்லை.

கேள்வி: கம்ப்யூட்டரே மொழிபெயர்த்துவிடுகிறதே, உங்கள் பிழைப்பு என்ன ஆகும்?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், கடலூர்

பதில்: பாதி போய்விட்டது ஐயா. விலைப்பட்டியல், வழக்கமான கடிதங்கள் எதுவும் இப்போது என்னிடம் வருவதில்லை. மிச்சம் இருப்பவை இரண்டு: சண்டைகளும் பழைய காகிதங்களும். புதுச்சேரி 1954 வரை பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்ததால் அந்தக் காலத்துப் பிறப்பு, திருமணப் பதிவுகள் பிரெஞ்சில், அதுவும் கையெழுத்தில். தாத்தா சுப்பிரமணியனின் பெயரைப் பிரெஞ்சு உச்சரிப்புக்கு ஏற்ற எழுத்துகளில் எழுதி, கடைசியில் ஓர் 'e' எழுத்தையும் ஒட்டியிருப்பார் குமாஸ்தா. பேரனின் கையில் இருக்கும் ஆவணங்களில் உள்ள பாட்டன் பெயரோடு அது ஒத்துப்போகாது. சொத்துப் பிரிக்கும்போதுதான் இது தெரியவரும், ஓடி வருவார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற அந்த வேலைக்கு மட்டும் நான் கூலியைக் குறைக்கவில்லை. போன வருடம் ஏற்றியும்விட்டேன்.