ஓய்வுக்குப் போட்ட அட்டவணை

அன்புள்ள ஐயா,

பிறந்த இடம் திருகோணமலை, வேலை கொழும்பில், வங்கியில். ஆகஸ்ட் பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு கந்தளாய்க் குளத்தருகே ஒரு விடுதியில் 4 நாள் தங்கினோம். ஓய்வெடுக்கத்தான் போனேன். ஆனால் குளக்கட்டில் போய் உட்கார்ந்தால் 10 நிமிடத்தில் கால் ஆடத் தொடங்கிவிடுகிறது. இரண்டாம் நாள் கோணேஸ்வரம் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், புறாத்தீவு மூன்றையும் பார்த்துவிட்டு இரவே விடுதிக்குத் திரும்பினோம். அப்பாவின் கடைசிக் கிரியையான அந்தியேட்டியைக் கன்னியாவில்தான் செய்தோம். கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவோம் என்று அம்மா சொன்னார். படகுக்கு நேரமாகிவிட்டதால் முடியவில்லை. மற்ற நாட்களில் பிள்ளைகள் அலுத்துப்போய் ஒரே சண்டை. போனபோது இருந்ததைவிடக் களைத்துத்தான் வந்தேன். நிதானமாக இருக்கக் கற்றுக்கொள்ள முடியுமா? தியானம் பழகவா? போனை வீட்டில் விட்டுவிட்டுப் போகவா? பேசாமல் நிலாவெளிக் கடற்கரைக்கே போயிருக்கலாமோ?

ஒரு வாசகர், கொழும்பு

அன்புள்ள தம்பி,

நம்மவர்கள் ஏன் விடுமுறைக்குப் போய்க் களைத்து வருகிறார்கள் என்று கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது, அதுவும் கந்தளாயைப் பற்றி.

தியானம் பழகுங்கள், நல்லதுதான். அதற்குக் கந்தளாய் வரை வரத் தேவையில்லை, கொழும்பு வீட்டில் ஒரு மூலை போதும். போனை விட்டுவிட்டுப் போனால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பீர்கள். அதை விடுங்கள்.

கன்னியாவை மட்டும் என்னால் விட முடியவில்லை. கந்தளாயிலிருந்து திருகோணமலைக்கு 40 கிலோமீட்டர். போய்வந்தாலே 80. அதற்குள் கோயில், வெந்நீர்க் கிணறுகள், நிலாவெளி, அங்கிருந்து படகு. இது ஓய்வா, தபால் விநியோகமா? கன்னியாவில் 7 கிணறுகள். ஒவ்வொன்றிலும் வாளியால் அள்ளி ஊற்ற வேண்டும், ஒவ்வொன்றின் சூடும் வேறு வேறு. அவசரப்பட்டுக் குளிக்கிற இடமே இல்லை அது. புருஷனுக்குக் கடைசிக் கிரியை செய்த இடத்தில் கொஞ்ச நேரம் இருக்கலாம் என்று ஒரு தாய் கேட்கிறார். உங்கள் வேனில் இருந்தவர்களில் ஓய்வு என்றால் என்னவென்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவரை ஏற்றிக்கொண்டு மீன் பார்க்கப் போயிருக்கிறீர்கள். படகு மறுநாளும் போகும் தம்பி. கோபப்படாதீர்கள், உங்களுக்கு மூத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

சரி, குளத்துக்கு வருவோம். குளக்கோட்டன் என்ற மன்னன் கட்டிய குளம் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். நீங்கள் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களே, அந்தக் கட்டு 1986 ஏப்ரல் 20 அன்று விடியுமுன் உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதனால் கீழே வயல் வைத்திருப்பவர்கள் அந்தத் தண்ணீரைக் காட்சியாகப் பார்ப்பதில்லை. எவ்வளவு நிற்கிறது, எப்போது திறப்பார்கள், கட்டு எப்படி இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள்.

என் பெரியப்பாவுக்குத் தம்பலகாமத்தில் வயல். அங்கே பாய்வது கந்தளாய்த் தண்ணீர்தான். சிறுபோகத்தில், கச்சான் காற்று அடிக்கிற காலத்தில், முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். சில நாள் எங்கள் முறை நடுச்சாமத்தில் வரும். பெரியப்பாவும் நானும் மண்வெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நுளம்புக்குப் பயந்து சாரத்தைத் தலைவரை போர்த்துக்கொண்டு வரம்பில் இருப்போம். மேல் வயல்காரர் பாய்ச்சி முடிக்க வேண்டும். இடைக்கிடை பெரியப்பா எழும்பிப் போய் வாய்க்காலுக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வந்து, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்வார். யார் யாரோடு ஓடிப்போனது, எந்தக் காணி எப்படிக் கைமாறியது, ஐயா ஏன் ஒரு வருடம் தன் தம்பியோடு பேசவில்லை. எங்கள் குடும்பக் கதையில் பாதி எனக்குக் கிடைத்தது அந்த வரம்பில்தான். தண்ணீர் வந்ததும், அது வயலுக்குள் பாய வரம்பில் விடும் வாயை, வக்கடையை, வெட்டிவிடுவார். பிறகு வயல் நிரம்பும் வரை இன்னொரு காத்திருப்பு, இன்னும் கொஞ்சம் கதை.

பெரியப்பா ஓய்வெடுக்கவில்லை, வேலைதான் செய்தார். ஆனால் அவர் கால் ஆடியதை நான் பார்த்ததில்லை.

வெறுமனே உட்கார்ந்திருப்பது ஞானிகளுக்குக் கைகூடலாம். உங்களுக்கும் எனக்கும் கையில் ஒரு சின்ன வேலை வேண்டும், அந்த வேலை நம் அவசரத்துக்கு மசியாததாகவும் இருக்க வேண்டும். வங்கியில் செய்வதும் வேலைதானே என்பீர்கள். அங்கே வேகமாகச் செய்தால் வேகமாக முடியும், இல்லாவிட்டால் முடிந்த மாதிரியாவது இருக்கும். வாய்க்கால் தண்ணீரை நின்று திட்டினாலும் அது தன் பாட்டில்தான் வரும். உங்கள் பிள்ளைகள் அலுத்துப்போனதும் இதனால்தான். குளத்தைக் காட்டி "பார், அழகு" என்றால் அவர்கள் எவ்வளவு நேரம் பார்ப்பார்கள்? தூண்டிலை வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும். விடியற்காலையில் வலை எடுத்து வருகிறவர்களிடம் கூட்டிப்போய், இருக்கிற மீனை வாங்கி, நீங்களே செதில் சீவியிருக்க வேண்டும். முதல் மீனுக்கு அரைமணி நேரம் பிடிக்கும், கையும் நாறும். அந்த அரைமணியில் பிள்ளைகள் உங்களிடம் ஏதாவது கேட்பார்கள். அங்கே சட்டியில் விற்கிற எருமைத் தயிரையும் வாங்காமல் வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், அது வேறு கதை.

நிலாவெளி பற்றிக் கேட்டிருந்தீர்கள். போகலாம், டிசம்பர் விடுமுறைக்கு மட்டும் வேண்டாம். வாடைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும், புறாத்தீவுக்குப் படகு கிடைப்பது கஷ்டம். சித்திரைக்குப் பிறகு போங்கள். ஹொரவப்பொத்தானைப் பாதையால் வந்தால் கன்னியா வழியிலேயே வரும். அங்கே இறங்கி, எப்போது கிளம்புவது என்பதை அம்மா சொல்லட்டும். காத்திருப்புக்கு வேன்காரர் கூடுதலாகக் காசு கேட்பார். பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.