முதலில் அட்டையைத் திருப்புங்கள்: பழைய எரிமலை அஞ்சலட்டைகள் குறித்துக் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, 1914 சகுராஜிமா எரிமலை வெடிப்பைக் காட்டும் ஜப்பானிய அஞ்சலட்டை ஒன்றை ஏலத்தில் எடுத்தேன். அது அந்தக் காலத்து அட்டைதானா?

பதில்: படத்தை மறந்துவிட்டு அட்டையைத் திருப்புங்கள். முகவரியையும் செய்தியையும் பிரிக்கும் கோடு எங்கே இருக்கிறது? ஜப்பானில் 1907 முதல் 1918 வரை செய்தி எழுத மூன்றில் ஒரு பங்கு இடம்தான் கொடுத்தார்கள். 1918 மார்ச்சில்தான் அது பாதியானது. கோடு நடுவில் இருந்தால், வெடிப்பு நடந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அச்சான அட்டை. போலி என்று சொல்லமாட்டேன். ஆனால் 1914 அட்டைக்குரிய விலையைக் கொடுக்கமாட்டேன்.

கேள்வி: என்னிடம் உள்ள செயின்ட் பியேர் அட்டையில் ஊர் நன்றாகவே இருக்கிறதே, இடிபாடு எதுவும் இல்லையே?

பதில்: அதைப் பத்திரமாக வையுங்கள். பிரான்சின் ஆட்சியிலிருந்த மார்த்தினிக் தீவின் அந்த நகரத்தை 1902 மே 8 காலையில் பெலே எரிமலையிலிருந்து பாய்ந்த கொதிவாயுவும் சாம்பலும் சில நிமிடங்களில் அழித்தன. இறந்தவர்கள் ஏறக்குறைய 28,000 பேர். கடைத்தெரு, துறைமுகம், நாடகக் கொட்டகை எல்லாம் உயிரோடு தெரியும் படங்கள் அதற்கு முந்தியவை. படம் பழையது என்பதால் அட்டையும் பழையதாகிவிடாது. அழிவுக்குப் பிறகும் அதே படங்களை அச்சிட்டு விற்றார்கள். பிரான்சில் பின்புறக் கோடு வந்தது 1903 இறுதியில்தான். எனவே கோடு இல்லாததே முந்தியது. 1902 மேக்கு முந்திய செயின்ட் பியேர் தபால் முத்திரையோடு ஓர் அட்டை கண்ணில் பட்டால் பேரம் பேசிக்கொண்டு நிற்காதீர்கள்.

கேள்வி: இரவில் செந்தழல் கக்கும் இத்தாலியின் வெசுவியஸ் எரிமலைப் படங்கள் நிஜமா?

பதில்: புகை பெரும்பாலும் நிஜம், நெருப்பில் பாதி தூரிகை வேலை. என்னிடம் 1906 வெடிப்பின் அட்டைகள் இரண்டு உள்ளன. ஒரே கோணம், ஒரே புகைமண்டலம். ஒன்று பகல், மற்றொன்றில் நீலத்தைப் பூசி, ஒரு நிலவையும் வைத்து இரவாக்கியிருக்கிறார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் நிலவின் விளிம்பில் வண்ணம் வழிந்திருப்பது தெரியும். எனக்கு அந்த இரண்டாவது அட்டைதான் பிடிக்கும்.

கேள்வி: குறைந்த செலவில் எதைச் சேர்க்கலாம்?

பதில்: நிவாரணப் படங்களை. வெடிப்புப் படத்துக்குப் போட்டி அதிகம். கூரையிலிருந்து சாம்பலை அள்ளும் சிப்பாயை அவ்வளவாக யாரும் தேடுவதில்லை. அந்தச் சாம்பலை லேசாக நினைக்க வேண்டாம்: 1906இல் வெசுவியஸ் அருகே சான் ஜுசெப்பே என்ற ஊரில் அதன் பாரம் தாங்காமல் தேவாலயக் கூரை சரிந்து, உள்ளே இருந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதை அறிந்தபின் அந்தச் சிப்பாயின் மண்வெட்டியைப் பாருங்கள்.

கேள்வி: அழுக்காகாமல் இருக்க என் அட்டைகளை லேமினேட் செய்துவிட்டேன். சரிதானே?

பதில்: ஐயோ! இனிப் பிரிக்க முயலாதீர்கள், மேல்தாளும் சேர்ந்து உரிந்து வரும். மிச்சமிருப்பவற்றையாவது பாலிப்ரொப்பிலீன் உறையில் போடுங்கள். பிவிசி உறை வேண்டாம்.