உயர்கல்விக்கு அரசு மானியம் தருவது பொருளாதார ரீதியில் நியாயமா?

பட்டதாரிதான் பிற்பாடு அதிகம் சம்பாதிக்கப் போகிறார், அவர் படிப்புக்கு மற்றவர்கள் ஏன் வரி கட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

படித்தவர்களால் சமூகத்துக்கே லாபம் என்பது வழக்கமான பதில். உண்மைதான், ஆனால் அந்த லாபம் எவ்வளவு என்பதில் ஆளாளுக்கு ஒரு கணக்கு. எனக்கு அதைவிட வலுவாகப் படும் காரணம் கடன் சந்தையில் இருக்கிறது. வீட்டுக்குக் கடன் வாங்கினால் வீடே அடமானம். தவணை நின்றால் வங்கி ஏலம் விடும். தலைக்குள் இருக்கும் படிப்பை யார் ஜப்தி செய்வது? அதனால் சொத்தோ ஜாமீனோ இல்லாத வீட்டுப் பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கடன் கொடுப்பவர் தயங்குவார். 1955இல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் சுட்டிக்காட்டியது இதைத்தான். இத்தனைக்கும் அரசுத் தலையீடு என்றாலே முகம் சுளிப்பவர் அவர்!

சரி, சிக்கல் கடனில் என்றால் கடனையே மாற்றி அமைக்கலாமே. ஆஸ்திரேலியா 1974இல் பல்கலைக்கழகக் கட்டணத்தை நீக்கியது. 1989இல் ஆண்டுக்கு 1,800 ஆஸ்திரேலிய டாலர் என்று திரும்பக் கொண்டுவந்தது. ஆனால் சேரும்போதே கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. வேலைக்குப் போய், வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகு வரியோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள். வருமானம் வரம்புக்குக் கீழே இறங்கினால் பிடித்தமும் நிற்கும். நிலுவை விலைவாசி உயர்வுக்கு மேல் ஏறாது. கட்டணம் வந்ததால் ஏழை மாணவர்களின் பங்கு சரிந்துவிடவில்லை. இதிலும் மானியம் இருக்கிறது, ஆனால் படித்தும் பெரிதாகச் சம்பாதிக்க முடியாமல் போனவருக்கு அதில் அதிகப் பங்கு போகிறது. எனக்குப் பிடித்த ஏற்பாடு இது.

கட்டணம் முழுக்க இலவசம் என்றாலும் ஒரு பெரிய செலவு பாக்கி: பதினெட்டு வயதில் வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் சம்பளம். அதை நம்பி அடுப்பு எரிய வேண்டிய வீட்டில், கட்டணம் இல்லை என்ற அறிவிப்பு மட்டும் போதாது. எல்லாருக்கும் தள்ளுபடி செய்யும் பணத்தில் ஒரு பகுதியை இவர்களின் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் கொடுக்கலாம். வசதியான வீட்டுப் பிள்ளை எப்படியும் சேர்ந்துவிடுவார்.

அப்புறம், மானியத்தைக் கல்லூரியே விழுங்கிவிடும் ஆபத்து. அரசு உதவி கூடக் கூடக் கல்லூரிகள் தைரியமாகக் கட்டணத்தை ஏற்றுகின்றன என்று 1987இல் அமெரிக்கக் கல்விச் செயலர் வில்லியம் பென்னட் குற்றம் சாட்டினார். எல்லாக் கல்லூரிக்கும் இது பொருந்துவதாகத் தெரியவில்லை. ஆனால் அங்கே லாப நோக்கில் நடப்பவற்றில், மாணவர்களுக்கு அரசு உதவி கிடைக்கும் கல்லூரிகள், அதே மாதிரிப் படிப்பைத் தரும் மற்றவற்றைவிட அதிகம் வாங்குவது ஆய்வில் தெரியவந்தது. கட்டண உச்சவரம்பு வைக்காமல் இத்தகைய கல்லூரிகளுக்கு மாணவர் பெயரில் பணம் போவதை நான் ஆதரிக்க மாட்டேன்.