மூணு ஜர்னல் ரிஜெக்ட் பண்ணிடுச்சு, ஸ்கோபஸ்ல பேப்பர் வர என்ன பண்ணணும்?

ஸ்கோபஸ்ங்கிறது ஆராய்ச்சி ஜர்னல்களோட டேட்டாபேஸ். மொதல்ல அந்த மூணும் எத்தன நாள்ல திரும்பி வந்துச்சுன்னு பாருங்க. ஒரு வாரத்துக்குள்ளன்னா அது டெஸ்க் ரிஜெக்ஷன், ரிவியூவர் (பேப்பர மதிப்பிடுற துறை நிபுணர்) கைக்கே போகல, எடிட்டர் தலைப்பையும் அப்ஸ்ட்ராக்டையும் புரட்டிட்டு நம்ம ஸ்கோப் இல்லன்னு திருப்பிட்டாருன்னு அர்த்தம். ஆராய்ச்சி மோசம்னு அர்த்தமில்ல. 1937ல ஹான்ஸ் க்ரெப்ஸ்ங்கிற விஞ்ஞானி, செல் சாப்பாட்டுலருந்து சக்தி எடுக்குற சிட்ரிக் ஆசிட் சைக்கிள் பத்தி அனுப்புனதையே நேச்சர் இடமில்லன்னு திருப்பி அனுப்புச்சு, அவரு என்சைமோலோஜியான்னு இன்னொரு ஜர்னல்ல போட்டாரு, 1953ல நோபலும் வாங்குனாரு.

என் கதைக்கு வரேன். நான் சிவில், ஃப்ளை ஆஷ் (நிலக்கரி எரிச்ச சாம்பல்) கலந்த கான்கிரீட். மொத ஜர்னல்ல நாலே நாள்ல வெளிய. டெஸ்ட் ரிப்போர்ட் மாதிரி இருக்கு, இதுல புதுசா என்ன இருக்குன்னு ஒரே வரி. ரெண்டு நாள் சோறு இறங்கல, அப்புறம் படிச்சுப் பாத்தா அவர் சொன்னது சரிதான், டேபிளா அடுக்கிருந்தேனே தவிர மத்தவங்க எத விட்டாங்க நான் எத பண்ணேன்னு இன்ட்ரோடக்ஷன்ல எங்கயுமே சொல்லல. அத மாத்தி எழுதி, அடுத்த ஜர்னலோட கடைசி ரெண்டு வருஷ பேப்பர்கள படிச்சுட்டு அனுப்புனேன், மேஜர் ரிவிஷன், அதாவது பெருசா திருத்தி அனுப்புங்கன்னு பதில் வந்துச்சு.

நெறைய பேர் கோட்ட விடுறது இங்கதான். ரெண்டாவது ரிவியூவர் 12 கமெண்ட் போட்டிருந்தாரு. ஃப்ளை ஆஷ் மெதுவாத்தான் ஸ்ட்ரென்த் குடுக்கும், 28 நாளோட நிறுத்துனா எப்படி, 90 நாள் ரிசல்ட் எங்கன்னாரு. சாக்கு சொல்லலாம்னு தோணுச்சு, கைடு விடல. எடிட்டருக்கு மெயில் போட்டு டைம் வாங்கி, மறுபடி கான்கிரீட் க்யூப் போட்டு, மூணு மாசம் அது தண்ணில ஊறுற க்யூரிங் டேங்க்கயே பாத்துட்டு உக்காந்திருந்தேன். பதில் லெட்டர்ல ஒவ்வொரு கமெண்ட்டையும் அப்படியே காப்பி பண்ணி, கீழ பதில், எந்த பக்கம் எந்த வரில மாத்துனேன்னு போட்டேன். ஒரு கமெண்ட் மட்டும் எனக்கு ஒத்துவரல, டேட்டாவ காட்டி பணிவா மறுத்தேன், ஏத்துக்கிட்டாரு. "திருத்திட்டோம்"னு மொட்டையா எழுதுனா எந்த ரிவியூவருக்கும் எரிச்சல்தான் வரும்.

15 நாள்ல ஸ்கோபஸ் கேரண்டின்னு வாட்ஸப்ல வர்ற ஆளுங்ககிட்ட பணம் கட்டிடாதீங்க. நல்ல ஜர்னல் பேர்லயே போலி சைட் நடத்துறாங்க, அதனால ஸ்கோபஸ் சோர்ஸ் லிஸ்ட்ல ஜர்னலோட அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என் நம்பர போட்டு இன்னும் இருக்கா, நிறுத்திட்டாங்களான்னு பாருங்க, இது ஃப்ரீதான். ஒரே பேப்பர ஒரே நேரத்துல ரெண்டு ஜர்னலுக்கு அனுப்புறதும் வேணாம், மாட்டுனா பேரே கெட்டுடும்.

யுஜிசி 2022லயே பிஎச்டிக்கு பேப்பர் கட்டாயம்ங்கிறத எடுத்துடுச்சு, ஆனா யுனிவர்சிட்டி தனியா கேக்கலாம், உங்க ரூல்ஸ பாத்துக்கோங்க. எனக்கு மொத தடவ அனுப்புனதுலருந்து அக்செப்ட் மெயில் வர 14 மாசம் ஆச்சு, சினாப்சிஸ் (தீசிஸ் சுருக்கம்) குடுக்குற தேதிலருந்து பின்னாடி எண்ணிக்கோங்க.