நீட் கைவிட்டாலும் சர்க்கரை நோய்க்கு மருந்து செய்யலாம்

வணக்கம் அம்மா. நீட்டில் மதிப்பெண் குறைந்துவிட்டது, ஆனாலும் மகள் "ஊசி இல்லாத சர்க்கரை மருந்து செய்யணும்" என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள் என எழுதியிருந்தீர்கள். அவள் ஆசைப்படும் வேலைக்கு எம்.பி.பி.எஸ். தேவையே இல்லை.

இன்சுலினை 1921இலேயே கண்டுபிடித்தாயிற்று. அதை வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவில் உடம்புக்குள் சேர்ப்பதுதான் இன்னும் தீராத பாடு. இன்சுலின் ஒரு புரதம். விழுங்கினால் வயிறு செரித்துவிடும். இதே சிக்கல் உள்ள இன்னொரு சர்க்கரை மருந்தான செமாக்ளூடைடு, 2019இல் அமெரிக்காவில் மாத்திரையாக அனுமதி பெற்றது. வயிற்றில் சிதையாமல் காக்கத் துணைப்பொருள் சேர்த்தும், அந்த மாத்திரையில் ரத்தத்தில் சேர்ந்தது அதிகம் போனால் 1 சதவீதம்தான். அதை இரண்டாக்கினாலே பெரிய வெற்றி.

2015இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஆராய்ச்சியாளர் சென் கூவின் குழுவினர் தோலில் ஒட்டும் பட்டை ஒன்றைச் செய்தார்கள். அதன் நுண்ணூசிகளில் இன்சுலின் அடைத்த குட்டிப் பைகளும் ஒரு நொதியும் இருக்கும். சர்க்கரை ஏறினால் நொதி அதை மாற்ற ஆக்ஸிஜனை இழுத்துக்கொள்ளும். ஆக்ஸிஜன் குறைந்ததும் பை கலைந்து இன்சுலின் வெளியே வரும். எலிகளிடம் பலித்தது. எலியிலிருந்து மருந்துக்கடை வரைக்குமான தூரத்தில்தான் உங்கள் மகளுக்கு வேலை இருக்கிறது.

சரி, என்ன படிப்பது? வேதியியல் பிடிக்குமென்றால் மருந்துப் படிப்பான பி.ஃபார்ம், 4 வருஷம், நீட் வேண்டாம். அப்புறம் ஜிபேட் என்ற நுழைவுத் தேர்வு எழுதி, மேல்படிப்பான எம்.ஃபார்மில் ஃபார்மசூட்டிக்ஸ் (மருந்தை மாத்திரை, பட்டை போன்ற வடிவில் செய்யும் பிரிவு) எடுக்கட்டும். மொகாலி, ஹைதராபாத் போன்ற ஊர்களில் இருக்கும் மத்திய அரசின் மருந்துக் கல்வி நிறுவனமான நைப்பர் கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள். கணக்கும் எலெக்ட்ரானிக்ஸும்தான் பிடிக்குமென்றால் பயோமெடிக்கல் இன்ஜினியரிங். 5 நிமிடத்துக்கு ஒருமுறை சர்க்கரையை அளந்து, தானே இன்சுலின் அளவை மாற்றும் பம்புகள் அந்தப் பக்கத்து வேலை. பிளஸ் டூ முடித்ததும் 'நானோ' (மிக நுண்ணிய துகள்கள் பற்றிய துறை) என்று பெயர் போட்ட படிப்பில் மட்டும் சேர்க்காதீர்கள். அடிப்படை பலமானால் நானோவை எம்.ஃபார்மில் கற்றுக்கொள்ளலாம்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வெறும் பி.ஃபார்முக்குப் பெரும்பாலும் உற்பத்தி, தரக் கட்டுப்பாடு, விற்பனைப் பிரதிநிதி வேலைகள்தான். ஆராய்ச்சி என்றால் பிஎச்.டி. வரை பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். வீட்டுக்குச் சம்பளம் அவசரமென்றால் இடையில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டுத் தொடரலாம், தப்பில்லை.

கல்லூரிக்குப் பணம் கட்டுமுன் ஃபார்மசி கவுன்சில் அங்கீகாரத்தைப் பாருங்கள். ஆய்வகத்துக்குள்ளும் போய்ப் பாருங்கள். மாத்திரை கரைவதைச் சோதிக்கும் கருவியில் மாணவர்கள் கை படுகிறதா, உறை போட்டு மூடி வைத்திருக்கிறார்களா என்று மகளையே விசாரிக்கச் சொல்லுங்கள்.