ராத்திரி முழுக்க நெல்லுக்குக் காவல் இருந்தும் பகலில் ஏன் தூக்கம் நிற்கமாட்டேன் என்கிறது?

கேள்வி: அறுவடை முடிந்து நெல்லை டிபிசி (அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையம்) வாசலில் கொட்டி வைத்திருக்கிறோம். எங்கள் முறை வரும்வரை ராத்திரிக் காவல் நான்தான். காலையில் வீட்டுக்கு வந்து எட்டரைக்குப் படுத்தால் பதினொன்றரைக்கே முழிப்பு வந்துவிடுகிறது. அவ்வளவு அலுப்பு இருந்தும் ஏன்? பக்கத்துக் குவியல்காரர் சளி மாத்திரை போட்டுக்கொண்டு தூங்குகிறாராம். நானும் போடலாமா?

பதில்:

அலுப்பு மட்டும் இருந்தால் தூக்கம் நிற்காது, நேரமும் கூடிவர வேண்டும். மூளைக்குள் இரண்டு ஏற்பாடுகள் தனித்தனியாக ஓடுகின்றன. காலை எட்டரைக்கு ஒன்று உங்களைப் படுக்கச் சொல்கிறது, இன்னொன்று எழுப்பிவிட ஆரம்பிக்கிறது. உங்கள் மூன்று மணி நேரத் தூக்கம் அந்த இழுபறியில் கிடைத்தது.

நான் மன்னார்குடிப் பக்கம். நர்சிங் மாணவிகளுக்கு உடலியங்கியல் எடுக்கிறேன். தை, மாசி வந்தால் படுதா, டார்ச் சகிதம் காவலுக்குப் போகிற குடும்பம்தான் எங்களுடையதும். அதனால் காவல் ராத்திரியை வைத்தே சொல்கிறேன்.

முதல் ஏற்பாடு, விழித்திருக்கும் நேரத்தைக் கணக்கு வைப்பது. மூளைச் செல்கள் வேலை செய்யச் செய்ய ஏடிபி என்ற எரிசக்திப் பொருள் செலவாகி, அதிலிருந்து அடினோசின் மிஞ்சுகிறது. காலையிலிருந்து இது கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, விழிப்பைத் தாங்கிப் பிடிக்கிற செல்களை மந்தமாக்குகிறது. தூங்கினால் குறைகிறது. ராத்திரி பதினோரு மணிக்குக் குடிக்கிற காபி இந்த அடினோசினை அழித்துவிடுவதில்லை. அது போய் ஒட்ட வேண்டிய இடத்தில் கஃபீன் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது, அவ்வளவுதான். அடினோசின் பாட்டுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டேதான் இருக்கும். குடித்த கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். அதனால் விடியற்காலை நாலு மணிக்கு டீக்கடை திறந்ததும் வாங்கிக் குடிக்கிறீர்களே, அந்த ஸ்ட்ராங் டீ எட்டரைக்கு நீங்கள் படுக்கும்போதும் உள்ளே பாதி இருக்கிறது. காபி, டீ எல்லாம் ராத்திரி ஒரு மணிக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

இரண்டாவது ஏற்பாடு கடிகாரம். இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் ஒன்றையொன்று கடக்கிற இடத்துக்கு நேர் மேலே, மூளையின் அடியில் உள்ள ஹைபோதலாமஸ் என்ற பகுதியில், இடமும் வலமுமாக இரண்டு சின்னஞ்சிறு செல் கூட்டங்கள் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்தால் சுமார் 20,000 செல்கள். எஸ்.சி.என். என்று சுருக்கிச் சொல்வார்கள். நீங்கள் தூங்கினீர்களா இல்லையா என்பது பற்றி இதற்குப் பெரிய கவலை கிடையாது. கிட்டத்தட்ட 24 மணி நேரச் சுற்றில் தன் பாட்டுக்கு ஓடும். அந்தச் செல்களுக்குள்ளேயே சில மரபணுக்கள் ஒரு புரதத்தைச் செய்து, அந்தப் புரதமே திரும்பி வந்து மரபணுவை நிறுத்தி, புரதம் சிதைந்ததும் மறுபடி தொடங்கி, இப்படியே ஒரு நாளை ஓட்டிவிடுகின்றன. பழ ஈயில் இதைப் பிரித்து விளக்கிய மூன்று அமெரிக்கர்களுக்கு, ஹால், ராஸ்பாஷ், யங், 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது டிபிசி வாசலுக்கு வாருங்கள். பன்னிரண்டு மணி வரை ஒன்றும் தெரியாது. பேச்சு, சீட்டு, செல்போன், ஆடு மாடு விரட்டல் என்று போய்விடும். இரண்டு மணிக்குமேல் ஆட்கள் ஒவ்வொருவராக அடங்குவார்கள். மூன்றரை, நாலு மணிக்குத்தான் ஆளைச் சாய்க்கும். படுதாவின்மேல் பனி இறங்கி நனைந்திருக்கும், நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டி, வாங்க மறுத்துவிடுவார்களோ என்ற பயம் மனசில் இருக்கும், இருந்தும் மோவாய் நெஞ்சில் போய் இடிக்கும். போர்வைக்குள்ளேயும் குளிரெடுக்கும். பனி ஒரு காரணம்தான். ஆனால் கடிகாரம் உடம்பின் உள்வெப்பத்தைத் தினசரி அடிமட்டத்துக்கு இறக்குகிற நேரமும் அதுவே. அடினோசின் உச்சத்தில், கடிகாரத்தின் விழிப்புத் தூண்டல் அடிமட்டத்தில். இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டால் எந்த வைராக்கியமும் நிற்காது.

ஏழு மணிக்கு ஒரு வேடிக்கை நடக்கும், கவனித்திருப்பீர்கள். ஒரு நிமிஷம்கூடத் தூங்காத அதே ஆள், நாலு மணிக்கு இருந்ததைவிடத் தெளிவாக இருப்பார். "தூக்கம் கலைஞ்சு போச்சுப்பா" என்பார். அடினோசின் குறையவே இல்லை, மூன்று மணி நேரத்துக்குக் கூடியிருக்கிறது. கடிகாரம் பகலுக்கான தூண்டலை ஏற்ற ஆரம்பித்துவிட்டது, அதனால்தான் தெளிவு. வீட்டுக்கு வந்து படுத்ததும் முதலில் அடினோசின் ஜெயிக்கிறது, அடித்துப்போட்ட மாதிரி தூக்கம். மூன்று மணி நேரத்தில் அதன் பாரம் ஓரளவு இறங்குகிறது. அதற்குள் கடிகாரத்தின் தூண்டல் நன்றாக ஏறியிருக்கும். பதினொன்றரைக்கு முழிப்பு. இந்த இரட்டை ஏற்பாட்டை ஜூரிச்சில் இருந்த அலெக்சாண்டர் போர்பேய் 1982இல் ஒழுங்காக எழுதிவைத்தார். பிறகு விவரங்கள் எவ்வளவோ கூடியிருக்கின்றன, அடிப்படை இன்னும் அதுதான்.

சரி, இந்த இரண்டு கணக்கையும் வாங்கிக்கொண்டு கடைசியில் தூக்கமா விழிப்பா என்று முடிவு செய்வது யார்? இதற்கான முதல் துப்பு ஒரு கொள்ளைநோயிலிருந்து வந்தது. முதல் உலகப்போர் சமயத்தில் வியன்னாவில் கான்ஸ்டன்டின் ஃபான் எகானமோ என்ற மருத்துவரிடம் விசித்திரமான மூளைக்காய்ச்சல் நோயாளிகள் வந்தார்கள். பெரும்பாலோர் நாள்கணக்கில், வாரக்கணக்கில் தூங்கினார்கள். சிலருக்கு நேர் எதிர், கண்ணே மூட முடியவில்லை. 1917இல் அவர் இந்த நோயைப் பற்றி எழுதினார். இறந்தவர்களின் மூளையைப் பிரித்துப் பார்த்தபோது, தூங்கியே கிடந்தவர்களுக்கு ஹைபோதலாமஸின் பின்பகுதியும் அதை ஒட்டிய நடுமூளையும் கெட்டிருந்தன. தூங்க முடியாதவர்களுக்கு முன்பகுதி கெட்டிருந்தது. பின்னால் விழிப்பு, முன்னால் தூக்கம் என்று அன்றைக்கே கணித்துவிட்டார். ஸ்கேன் இல்லாத காலம். எனக்கு இந்தத் துறையில் மிகப் பெரிய ஆச்சரியம் இவர்தான், பாடத்தில் இரண்டு வரியில் முடித்துவிடுகிறோம்.

அவர் சொன்ன முன்பகுதியில் தூக்கச் செல்கள் இருப்பது 1996இல் உறுதியானது. அவை காபா, கலானின் என்ற இரண்டு பொருட்களைச் சுரந்து விழிப்புச் செல்களை அடக்குகின்றன. விழிப்புப் பக்கம் ஒரு பட்டாளமே இருக்கிறது: ஹிஸ்டமின், நார்அட்ரீனலின், செரட்டோனின் என்று. அவற்றில் சிலவும் தூக்கச் செல்களைத் திருப்பி அடக்கும். மோட்டார் கொட்டகையில் ஈபி லைனுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் ஒரு சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இருக்குமே, கைப்பிடி ஒன்று இந்தப் பக்கம் விழும், இல்லை அந்தப் பக்கம் விழும், இரண்டையும் ஒன்றாகத் தொடவே தொடாது, அந்தக் கதைதான். அதனால்தான் நாம் பாதித் தூக்கத்தில் நாளெல்லாம் திரிவதில்லை. அந்தக் கைப்பிடி விழிப்புப் பக்கம் நழுவாமல் இருக்க ஒரெக்சின் என்ற பொருள் உதவுகிறது. 1998இல் கண்டுபிடித்தார்கள். அதைச் சுரக்கும் செல்கள் அழிந்தவர்களுக்கு நார்கோலெப்ஸி என்ற நோய் வருகிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவார்கள், சிரித்தால் முழங்கால் மடங்கிச் சரிவார்கள்.

ஸ்விட்ச் சட்டென்று விழும் என்பதில் உங்களுக்கு ஓர் ஆபத்து இருக்கிறது. ராத்திரி கண்விழித்த ஆளுக்குக் கண் திறந்தபடியே சில நொடித் தூக்கம் வரும், அவருக்கே தெரியாது. பைக்கில் 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது மூன்று நொடி என்றால் 33 மீட்டர். நம் ஊர் ரோடுகள் ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் வயல். விடியற்காலையில் முடிந்தால் வேறு யாரையாவது ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்து வாருங்கள். இல்லாவிட்டால் டிபிசியிலேயே இருபது நிமிஷம் கண்ணயர்ந்து, முகம் கழுவி, மந்தம் தெளிந்தபிறகு கிளம்புங்கள்.

வெளிச்சம் இன்னொரு விஷயம். விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமி உள்ள செல்கள் இருக்கின்றன. உருவம் பார்ப்பது அவற்றின் முக்கிய வேலை கிடையாது. வெளிச்சம் எவ்வளவு என்று கடிகாரத்துக்குச் சொல்வதுதான் வேலை, அதிலும் நீல ஒளிக்கு நன்றாக அசைந்துகொடுக்கும். காலை வெயிலில் வந்து, திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டுப் படுத்தால், "பகல் தொடங்கியாச்சு" என்று கடிகாரத்துக்கு நீங்களே தகவல் அனுப்பியதாக ஆகும். இருட்டில் சுரந்து, ராத்திரி என்று உடம்புக்குச் சொல்கிற மெலடோனின் என்ற ஹார்மோனும் வெளிச்சத்தில் நின்றுபோகும். நேராக வந்து, சாப்பிட்டு, ஜன்னலைக் கெட்டித் துணியால் மூடிப் படுங்கள். பதினொன்றரைக்கு முழித்தால் மல்லுக்கட்ட வேண்டாம், எழுந்துவிடுங்கள். மதியம் இரண்டு, மூன்று மணிக்குக் கடிகாரத்திலேயே ஒரு சின்னத் தொய்வு உண்டு. அப்போது படுத்தால் இரண்டாம் தவணை தானாகக் கிடைக்கும், அதுவே அடுத்த ராத்திரிக்கும் தாங்கும். இதெல்லாவற்றையும்விட நல்ல வழி, பக்கத்துக் குவியல்காரரோடு ராத்திரியை இரண்டாகப் பிரித்துக்கொள்வது. ஆளுக்கு நாலு மணி நேரம் ராத்திரியிலேயே தூங்கினால் பகல் தூக்கத்துக்கு இவ்வளவு பாடு படவேண்டாம்.

அவருடைய சளி மாத்திரை விஷயம். விழிப்புப் பட்டாளத்தில் ஹிஸ்டமின் இருக்கிறது என்றேன் அல்லவா? பழைய வகைச் சளி, அரிப்பு மாத்திரைகள் மூளைக்குள் புகுந்து அந்த ஹிஸ்டமினை வேலை செய்யவிடாமல் தடுக்கும். தூக்கம் வருவது அதனால்தான். ஆனால் கடிகாரத்தை அவை திருப்பி வைப்பதில்லை. சில நாளிலேயே அந்தப் பலனும் குறையும், மந்தம் மட்டும் அடுத்த காவல் வரை இழுக்கும். புராஸ்டேட் வீக்கம் உள்ள வயசானவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளவும் கூடும். அவருக்கு அறுபதுக்கு மேல் என்றால் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள். நீங்கள் போட வேண்டாம்.