பைலா திருத்தம்: அன்றைக்கே ஓட்டெடுப்பு வேண்டாம்

உங்கள் மேசானிய லாட்ஜின் (ஃப்ரீமேசன் சகோதரத்துவ அமைப்பின் உள்ளூர்க் கிளை) மாதக் கூட்டத்தைக் காலாண்டுக்கு ஒன்றாகக் குறைக்கணும், சந்தாவை உயர்த்தணும், அடுத்த கூட்டத்திலேயே கைதூக்கி முடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள் சகோதரரே.

மேசானிய லாட்ஜில் கூட்ட நாளும் சந்தாத் தொகையும் பொதுவாகப் பைலாவிலேயே, அதாவது லாட்ஜின் உள்விதிகளிலேயே, இருக்கும். லாட்ஜின் தலைவரான மாஸ்டர் நினைத்தால்கூடத் தனியாக மாற்ற முடியாது. வழக்கமான முறை இதுதான்: ஒரு கூட்டத்தில் எழுத்துமூலம் முன்னறிவிப்பு, அது அடுத்த அழைப்பில் முழு வாசகத்துடன் எல்லோருக்கும் போகணும் (அதற்குச் 'சம்மன்' என்று பெயர், கோர்ட் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை), அப்புறம்தான் ஓட்டெடுப்பு. எத்தனை பங்கு ஆதரவு தேவை என்பது உங்கள் கிராண்ட் லாட்ஜின் (லாட்ஜுகளுக்கு மேலான தலைமை அமைப்பு) சட்டப் புத்தகத்தில் இருக்கும். நிறைவேறினாலும் மேலிட ஒப்புதல் வரும்வரை பழைய விதிதான் செல்லும். பொருளாளர் புதுத் தொகைக்கு ரசீது போட்டுவிடக் கூடாது.

இரண்டையும் ஒரே தீர்மானமாக வைக்காதீர்கள். சந்தா தோற்றால் கூட்ட நாளும் சேர்ந்து விழும். வாசகம் துல்லியமாக இருக்கட்டும்: பைலாவில் இப்போதுள்ள 'இரண்டாவது சனி' என்பதை நீக்கி எந்தெந்த மாதம், எந்தக் கிழமை, பதவியேற்பு எப்போது என்று எழுதுங்கள்.

சந்தாக் கணக்கில் ஒரு விஷயம். தலைக்கு இவ்வளவு என்று கிராண்ட் லாட்ஜுக்குக் கட்டும் தொகை கூட்டம் குறைந்தாலும் குறையாது. அதைத் தனி வரியாகக் காட்டினால் பாதி முணுமுணுப்பு அடங்கும்.

ஒரே ஒரு கூட்டத்தின் தேதிதான் இடிக்கிறது என்றால் பைலாவைத் தொடவே வேண்டாம், மேலிடத்தில் சிறப்பு அனுமதி கேட்டாலே போதும்.